டைரியில் இல்லாத பாதி

1978 மார்ச் 11. அன்றைக்கு என் டைரியில் உள்ளது இவ்வளவுதான்: "மூல வைத்தியர், ஆத்தூர். நான்காம் முறை. லேகியம் ஒரு டப்பா. காரம், கோழி, கத்தரிக்காய் கூடாது."

மருந்து என் மனைவிக்கு. மலத்தில் ரத்தம் போயிற்று. வலியில் அவளால் உட்காரவே முடியவில்லை. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. இவை இரண்டும் தனித்தனிக் குறைகள் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். மூலத்துக்கு நான் ஆத்தூருக்கு பஸ் ஏறினேன். குழந்தைக்கு என் அம்மா கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டார்.

அப்போது நான் நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். மழை பெய்த நாள், படித்து முடித்த புத்தகம், எருமை சினையான தேதி எல்லாம் டைரியில் ஏறிவிடும். மாதத்தில் மூன்று நாள் மனைவி வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் தனியாக இருப்பாள். அந்த நாட்களை மட்டும் நான் எழுதியதில்லை. எழுத வேண்டிய விஷயமாக அது எனக்குப் படவில்லை.

ஏப்ரலில் அம்மா, இளம்பிள்ளை ஊர்ப் பக்கம் எனக்கு இன்னொரு பெண் இருப்பதாக ஜாடையாகப் பேச ஆரம்பித்தார். அந்த வாரமே மனைவி, ஊருக்குப் புதிதாக வந்திருந்த பெண் டாக்டரிடம் போகலாம் என்று தானாகவே சொன்னாள். குழந்தை விஷயமாகத்தான் போனோம். பேச்சோடு பேச்சாக மூலத்தையும் சொன்னாள். எப்போதிருந்து, எந்தெந்தத் தேதியில் என்று டாக்டர் கேட்டார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் போல நான் பையிலிருந்து இரண்டு டைரிகளை எடுத்தேன்.

"நவம்பர் பதினெட்டு. டிசம்பர் பதினாறு. ஜனவரி பதினாலு பொங்கல், வைத்தியர் ஊரில் இல்லை, பழைய லேகியமே" என்று வாசித்துக்கொண்டே போனேன்.

மனைவி தலையைத் தூக்கினாள். "பொங்கலன்னிக்கு நான் ஊட்டுக்குத் தூரமுங்க. அத்தைதான் பானை வெச்சாங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "டிசம்பர்ல?"

"அப்பவும் அப்படித்தானுங்க. இவரு ஆத்தூர் போய்ட்டு வந்து, டப்பாவச் சாய்ப்போரமா வெச்சுட்டுப் போவாரு. ஒவ்வொரு தடவையும் அங்கதானுங்க வெப்பாரு."

நான் டைரியை மூடினேன். தொடக்கூடாத நாளென்று தள்ளி நின்று டப்பாவை வைத்தவன் நான்தான். ஒரு தடவைகூட அது என் மண்டையில் உறைக்கவில்லை.

இதை வைத்தியரிடம் சொல்லவில்லையா என்று டாக்டர் கேட்டார். ஆம்பளையிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது என்றாள் மனைவி. டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற ஒன்று சில பெண்களுக்கு வேறு இடங்களிலும் வளர்வதுண்டு, இவளுக்குக் குடலில் வளர்ந்திருக்கலாம், மாதாமாதம் அங்கும் ரத்தம் கசியும், குழந்தை நிற்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று நிதானமாக விளக்கினார். சேலம் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சேலத்தில் எடுத்த படத்தில் பெருங்குடலின் கடைசிப் பக்கம் ஓரிடத்தில் சுருங்கியிருந்தது. அந்தத் துண்டை வெட்டிவிட்டு இணைக்க வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். அதோடு கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் நோய் திரும்ப வராது, அதுவே நல்லது என்பது அவர் அபிப்பிராயம்.

ஜூலை 27 காலையில் சம்மதப் படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். அவளிடம் கொடுக்கவில்லை. நான் அதைக் கொண்டுபோய்க் கட்டிலருகில் நின்றேன்.

"ஏனுங்க, கொடல எவ்வளவு வேண்ணாலும் வெட்டிக்கட்டும். மத்தத முடிஞ்சா உட்டுரச் சொல்லுங்க."

"முடியாட்டி?"

"முடியாட்டி எடுக்கட்டும். உங்க டைரில எழுதறதுக்கு நானாச்சும் இருப்பனல்ல."

அவள் சொன்னதை மருத்துவரிடம் அப்படியே சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார். 'தேவைப்பட்டால் கர்ப்பப்பையை அகற்றவும் சம்மதம்' என்ற வரியை அடிக்காமலேயே கையெழுத்துப் போட்டேன். எனக்கு அவள் வேண்டும்.

நான்கு மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். குடலில் ஒரு சாண் போயிற்று. சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது, அதை மட்டும் எடுத்தோம், மற்றதெல்லாம் இருக்கிறது என்றார். குடல் தேறிக் கஞ்சி கொடுக்கலாம் என்று சொன்ன நாளிலிருந்து, அம்மா தினமும் முதல் பஸ்ஸில் தூக்குப்போசியில் ஜவ்வரிசிக் கஞ்சி கொண்டுவந்தார். "ரெண்டு வாய் குடி, அம்மிணி" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இளம்பிள்ளைப் பெண்ணைப் பற்றி அதன்பிறகு பேச்சே இல்லை.

மயக்கம் தெளிந்ததும் மனைவி சொன்ன முதல் விஷயம் இது: கண் மூடுவதற்கு முன்னால் நம் நாமக்கல் டாக்டரம்மாவைப் பார்த்தேன், வாயில் துணி கட்டியிருந்தார், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். மயக்க மருந்தின் வேலை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில், மருத்துவர் மையால் எழுதியதற்கு அடியில், வேறொரு கையெழுத்தில் பென்சிலால் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: நோயாளி குழந்தை விரும்புகிறாள், சினைப்பைகள் காக்கப்பட்டுள்ளன.

அதன்பிறகு மலத்தில் ரத்தம் வரவில்லை. அவள் சொல்லச் சொல்ல, அவளுடைய மாதத் தேதிகளையும் டைரியில் எழுத ஆரம்பித்தேன். ஒன்றரை வருடம் ஒன்றும் நடக்கவில்லை. கடைசித் தேதி 1980 ஜனவரி 29. பிப்ரவரிக்கு நேராக 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். மார்ச்சிலும் அதே சொல். அக்டோபர் 28 அன்று நாமக்கல்லில் அதே டாக்டர் வயிற்றைக் கிழித்து எங்கள் மகளை எடுத்தார்.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன், ஆபரேஷன் அன்றைக்குச் சேலம் வந்தீர்களா என்று.

"கொழந்தைய வெயில்ல வெச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அவரிடம் வேலை பார்த்த கம்பவுண்டரைக் கேட்டேன். ஆபரேஷன் அன்று டாக்டர் ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் போயிருந்தார் என்று நினைவிலிருந்து சொன்னார். அது ஆடி மாதம். கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணமாகவும் இருக்கலாம். யார் வீட்டுக் கல்யாணம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பென்சில் வரியை டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சில எழுத்துகள் ஒத்துப்போகின்றன, சில ஒத்துப்போகவில்லை. 1984இல் டாக்டர் ஊரைவிட்டுப் போய்விட்டார். 1978 ஜூலை 27 அன்று அவர் அந்த அறையில் இருந்தாரா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.