பக்கத்து வீட்டம்மாவுக்குச் சுட்ட சோடாப் பாண்

1976 யூலை மாதத்து நாட்குறிப்பில் ஒரு சனிக்கிழமைக்கு எதிரே நான் எழுதியிருப்பது: "சோடாப் பாண் இரண்டு. முதலாவது சரிவரவில்லை. மூன்றே முக்காலுக்கு ஆசுபத்திரி."

நாங்கள் குடியேறியிருந்த லிட்கம் என்ற புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டில் அயர்லாந்துக்கார அம்மா ஒருவர் தனியே இருந்தார். சனிக்கிழமைகளில் என் மனைவி மோர் கடைந்து கொண்டுபோவாள். அவர் அந்த மோரில் ஈஸ்ட் போடாத சோடாப் பாண் சுட்டுப் பாதியை எங்களுக்குத் தருவார். கடை மோர் மோரே இல்லை என்பது இருவருக்கும் பொதுவான குறை. அங்கே குளிர்காலம் யூலையில்தான்; அந்தக் குளிர்காலம் அவர் ஆசுபத்திரியில் கிடந்தார். எதையும் வாயில் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது, தன் வீட்டுப் பாண் என்றால் ஒரு துண்டு தின்பேன் என்று மனைவியின் கையைப் பிடித்துச் சொன்னார்.

அவர் சுடுவதை அவள் பலமுறை பார்த்திருந்தாள், தானாகச் சுட்டதில்லை. மா, உப்பு, அப்பச்சோடா, மோர். அதிகம் பிசையாமல் கூட்டிச் சேர்த்து, மேலே கத்தியால் சிலுவை கீறி, உடனே அவண் அடுப்பில் வைக்கவேண்டும். அப்படியே செய்தாள். மாவை மட்டும், கைப்பழக்கத்தில், பிட்டுக்காக அவித்து அரித்து வைத்திருந்த டின்னிலிருந்து அள்ளிவிட்டாள். அவித்த மாவில் பாண் எழும்பவேயில்லை.

"இதை ஆரின்ரையும் தலையிலை போட்டால் பொலிஸ் வரும்," என்றேன்.

"பகிடி விடாதேங்கோ. அந்த மனுசி நாலு நாளாப் பட்டினி." அவிக்காத பச்சை மாப் பையைப் பிரித்தாள். "நேரம் என்ன?"

"ரெண்டே முக்கால். மூண்டரைக்குப் பிறகு உள்ளுக்கு விடமாட்டாங்கள்."

"அப்ப காரை வெளியிலை எடுத்து வையுங்கோ."

இரண்டாவது நன்றாக வந்தது. துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கால் மணி நேரம் பிந்திவிட்டோம். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒரு தாதி வந்து பாணை வாங்கிக்கொண்டு போனார். அது அப்போதும் சூடாக இருந்தது.

ஞாயிறு காலை அந்த அம்மா இறந்துவிட்டார். தொலைபேசியில் செய்தி சொன்ன தாதி, முதல்நாள் வெண்ணெய் பூசி ஒரு துண்டு சாப்பிட்டார் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் மனைவி அழுதாள்.

திங்களன்று அந்த அம்மாவின் பையை எடுக்க நான் தனியே போனேன். அங்கிருந்த வேறொரு தாதி, சனி மத்தியானத்துக்குப் பிறகு அவர் கண் விழிக்கவேயில்லை என்றார். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. எது சரியென்று விசாரிக்கவுமில்லை. அவர் அந்தப் பாணில் ஒரு துண்டாவது தின்றாரா என்பது இன்றுவரை உறுதிப்படாத செய்தி.