தரையைத் தொட்டவர்

என் அக்கா புருஷனை டைல்ஸ் குடோனில் எல்லோரும் பூனை என்பார்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன்பு, அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்து, கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மேலே வளைப்பார், கீழே இறக்குவார். பெட்டி தூக்குகிற நாங்கள் ஒன்பது பேரும் சுற்றி நின்று மியாவ் என்போம். முதல் மியாவ் என்னுடையது.

பதினான்கு வருஷம் எங்களோடு பெட்டி தூக்கியவர்தான். ஒருநாள் லாரிப் பக்கத்தில் குனிந்தவர் நிமிரவில்லை. முதுகெலும்பில் தட்டு பிதுங்கிவிட்டது என்றார்கள். பிசியோதெரபி செய்கிற பெண் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். காலையில் ஒருக்களித்து, கையை ஊன்றித்தான் எழுவார். முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பத்து எண்ணுவார். இரண்டு நிறுத்தம் முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பார். ஆறு வருஷத்தில் ஒருநாள் தவறியதில்லை. வலி போகவில்லை, அடங்கிக் கிடந்தது.

குடோனில் தட்டிப் பார்க்கும் வேலை ஒன்று உண்டு. ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு டைலையும் விரல் முட்டியால் தட்ட வேண்டும். கணீரென்றால் நல்லது, சொத்தென்று அமுங்கினால் உள்ளே கீறல். முதுகு கெட்ட ஒருவருக்குத்தான் அந்த ஸ்டூல். கம்பெனி டாக்டர் வருஷா வருஷம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது மாமாவுக்கு நிலைக்கும்.

அதன்மேல் எனக்கு ஒரு கண். இந்த வருஷம் நானும் முதுகு வலி என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட என்னடா சொல்றது?" என்று மாமா கேட்டார்.

"சொல்றதென்ன, குனிஞ்சே காட்டுங்க மாமா. இத்தனை வருஷம் பாடுபட்டிருக்கீங்க, அந்த ஆளுக்குத் தெரிய வேண்டாமா?"

அதுவரை யாரும் அவரைப் பாராட்டியதில்லை. முகமெல்லாம் பல்லாகிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது, ஒரு நிமிஷம்.

டாக்டர் குனியச் சொன்னதும் முழங்கால் மடங்காமல் விரலால் தரையைத் தொட்டார். அதோடு விட்டாரா மனுஷன்? உள்ளங்கையையும் பதித்தார். "தினம் நாற்பது நிமிஷம் சார்" என்றார். டாக்டர் பிரமாதம் என்று தட்டிக்கொடுத்து, எந்த வேலையும் செய்யலாம் என்று எழுதினார். அடுத்தது நான். கை முழங்காலுக்கு வந்ததும் "ஐயோ அம்மா" என்று நின்றுவிட்டேன். என் ஆயுளில் நான் செய்த உடற்பயிற்சி அவ்வளவுதான்.

திங்கட்கிழமை முதல் ஸ்டூல் எனக்கு, இருபத்தைந்து கிலோ பெட்டி அவருக்கு. மூன்றாவது வாரம் இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய் அவரை வீட்டில் போட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது தரையில் மல்லாந்து கிடந்தார். இடது காலில் உணர்ச்சி இல்லை. ஆபரேஷன் செய்தாலும் நடப்பது சந்தேகமாம். அக்கா அந்தக் காலைப் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். காய்ந்த கட்டை மாதிரி அது அவள் கையில் போய் வந்தது.

"அந்த ஸ்டூல்ல ஒரேயடியா உக்காராதடா" என்றார் மாமா. "அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நட. என் கதி உனக்கு வேண்டாம். இப்ப வலி எப்படி இருக்கு?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இருக்குதான் மாமா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.