இறால் பறியில் ஏறிய அத்தர்

அத்தர் என்றால் மூக்குக்கு இனிக்க வேண்டும் என்று நினைப்பவர்களிடம் இந்தக் குப்பியை நான் திறந்து காட்டுவதில்லை. முதல் மூச்சில் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது மூச்சுவரை நிற்பவர்கள் பத்துக்கு மூன்று பேர். மூன்றாவது மூச்சையும் இழுத்துவிட்டால் பிறகு விடமாட்டார்கள்.

முதலில் வருவது புகை. ஓடு கருகிய புகை. கடலோரத்தில் யாரோ சிப்பி சுட்டுத் தின்றுவிட்டுப் போன இடத்தின் வாசனை. அது கொஞ்சம் அடங்கியதும் கிராம்பு எட்டிப் பார்க்கும், அதன் முதுகுக்குப் பின்னால் ஜாதிபத்திரி. இரண்டும் விலகிய பிறகு, காய்ந்த மண்ணில் முதல் தூறல் விழுந்தது போல ஒரு குளிர்ச்சி. சாயங்காலம்வரை தங்குவது அதுதான். அடியில் சந்தனம் உண்டு, ஆனால் தன்னைக் காட்டிக்கொள்ளாது. பூ என்று ஒன்றுகூடக் கிடையாது. மல்லிகையும் ரோஜாவும் இல்லாமல் ஓர் அத்தரா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

இதை வடித்தவர் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் அத்தர் விற்றுவந்த மரைக்காயர், என் சிநேகிதர். ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த காலம் அது. நான் அவர்களுடைய பண்டகசாலையில் மூட்டை எண்ணி எழுதும் வேலையில் இருந்தேன். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் எங்கள் தெருவில் எழுத்துப் படித்தவன் நான் ஒருவன்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அவர் கடையில் உட்காராமல் போனால் அன்றைக்கு எனக்கு ஏதோ எண்ணிக்கை குறைவது போல இருக்கும்.

அவருடைய பாட்டனார் அந்தக் காலத்தில் அரபுக் கப்பல்காரர்களுக்கென்று ஓர் அத்தர் வடித்தாராம். பூவை நம்பாத சரக்கு. செய்முறையை யாருக்கும் சொல்லாமலே போய்விட்டார். மரைக்காயரிடம் மிஞ்சியிருந்தது சின்ன வயதில் பாட்டனாரின் சட்டையில் முகம் புதைத்த ஞாபகம் மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு வேலையில் இறங்கினார். கடல்சங்கின் வாயை நகம் போல மூடியிருக்கும் சில்லைப் பொறுக்கிவந்து, சட்டியில் கருக்கி, அந்தப் புகையைச் சந்தன எண்ணெயில் இறக்கினார். ஏரிக்கரைக் களிமண்ணைச் சுட்டு, செப்புப் பானையில் போட்டு வடித்தார். பண்டகசாலையிலிருந்து குப்பையோடு வெளியே கொட்டும் கிராம்புத் தூளையும் உடைந்த ஜாதிபத்திரியையும் நான் பொறுக்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் என்னை முகரச் சொல்வார். நான் நன்றாக இருக்கிறது என்றால் தலையை ஆட்டி, இன்னும் ஏதோ ஒன்று பாக்கி என்பார். என்னவென்று அவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் போதும் என்று நான்கு குப்பிகளில் அடைத்தார். ஒன்று கோட்டை அதிகாரியின் மனைவிக்குப் போனது. அந்தம்மாள் முகர்ந்துவிட்டுச் சிரித்தபடி திருப்பி அனுப்பிவிட்டாள். துணி வியாபாரி ஒருவர், வீடு பற்றி எரிந்த வாசனைக்கு யாராவது காசு கொடுப்பார்களா என்று கடை வாசலில் நின்றே கேட்டார். ஒருவரும் வாங்கவில்லை. அந்த வருடம் கப்பல்களும் குறைந்திருந்தன. சென்னப்பட்டணத்தில் இருந்த மருமகன் நெடுநாளாக அங்கே வந்துவிடும்படி அழைத்துக்கொண்டிருந்தார். மரைக்காயர் கடையைக் கட்ட முடிவு செய்தார்.

"ஆயுசுல நான் வடிச்சதுல என்னுதுன்னு சொல்லிக்க இது ஒண்ணுதான் கணக்கரே," என்றார் என்னிடம். "இந்த ஊர்ல யாராச்சும் வேணும்னு கேட்டிருந்தா இருந்துடுவேன்."

எனக்கு வேண்டும் என்றேன்.

"நீ சிநேகிதக்காரன். உன்ன கணக்குல சேக்க முடியாது."

ஊரில் உள்ளதையெல்லாம் எண்ணும் என்னை, எண்ணிக்கையில் இல்லாதவன் என்று சொல்லிவிட்டார். அமாவாசை கழித்துப் படகு ஏறுவதாக ஏற்பாடு. விற்காமல் நின்ற நான்கில் ஒரு குப்பியை என் கையில் வைத்து, நீயே வைத்துக்கொள் என்றார்.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. வெயில் பட்டால் கெடுமோ, மூடி வழியாகக் காற்றில் போய்விடுமோ என்று அரிசிப் பானைக்குள் புதைத்தேன். காலையில் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை எடுத்து, மட்டம் இறங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். அடைகாக்கும் கோழியே இவ்வளவு தடவை முட்டையைப் புரட்டாது என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

அந்த வாரம்தான் மழையில் முகத்துவாரம் உடைந்து கடல்தண்ணீர் ஏரிக்குள் வந்தது. இறால் ஏறும் சமயம். பெண்கள் முதல்நாள் ஏரியில் இறங்குமுன் பறிகளுக்குச் சாம்பிராணிப் புகை போடுவது எங்கள் தெரு வழக்கம். பறி என்பது பனையோலைக் கூடை. இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டிருப்பதால், அதன் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டபடி இடுப்பளவு தண்ணீரில் போவார்கள். நாள் முழுக்க மூக்குக்கு நேர்கீழே இருப்பது அந்தக் கூடைதான். எல்லாப் பறிகளையும் ஒரே வீட்டு வாசலில் குவித்துப் புகை போடுவார்கள். அந்த வருடம் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது.

நான் மத்தியானம் கோட்டையிலிருந்து வந்தபோது தெருமுனையிலேயே அந்த வாசனை நின்றது. ஓடிப்போய் அரிசிப் பானையில் கையை விட்டேன். குப்பி இருந்தது, பாதிக்குமேல் காலி.

"இன்னா செஞ்ச இத?" என்றேன் மனைவியிடம்.

"சாம்பிராணி எங்க கீது? கப்பல் வந்தாத்தானே சாம்பிராணி. பறிய சும்மா எறக்கச் சொல்றியா?"

"அது கழுத்துல பூசிக்கிறது. நெருப்புல ஊத்துறதில்ல."

"எனக்கின்னா தெரியும்? தொறந்தா புகை வாசன வந்துது. புகைக்குத்தான்னு நெனச்சிகினேன்."

அவளைக் குறை சொல்லவும் வழியில்லை. புகை வாசனை உள்ள பொருளை எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் நெருப்பில்தான் போட்டிருப்பார்கள். அவள் தன் பறியை எடுத்துக்கொண்டு, காலையிலேயே இறங்கிவிட்ட பெண்களோடு சேர ஏரிக்குப் போனாள்; நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். பாட்டனாரின் ஞாபகத்தை இறால் கூடைக்குப் புகையாகப் போட்டுவிட்டோம் என்று மரைக்காயரிடம் எந்த வாயால் சொல்வது?

பொழுது சாயும்போது பெண்கள் ஏரியிலிருந்து ஏறினார்கள். வழக்கமாக இறாலைக் கொட்டிவிட்டுக் குளிக்க ஓடுவார்கள். அன்றைக்கு இறாலை வீட்டில் கொட்டிவிட்டு, ஈரச்சேலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"பறில இன்னா போட்டக்கா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். "நாள் பூரா கடிச்சிகினு கீறேன், சேத்து நாத்தமே தெரியல. சேறு இருந்துச்சி, ஆனா நாத்தமா இல்ல."

"எங்கூட்டு ஆளு பறிய மோந்துகினு குந்திகினு கீறாரு," என்றாள் இன்னொருத்தி. "என்ன மோந்து எத்தினி வருசம் ஆச்சி."

வாசல் முழுக்கச் சிரிப்பு. பிறகு, அது இன்னும் கொஞ்சம் கிடைக்குமா, எங்கே கிடைக்கும் என்று ஆளுக்கு ஆள் கேட்க ஆரம்பித்தார்கள். நான் எண்ணத் தொடங்கினேன்.

மரைக்காயரிடம் போய்க் கேட்கலாம் என்றாள் மனைவி. அவர் மனம் நோகும், வேண்டாம் என்றேன். அவள் தன் ஈரப் பறியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் நானும் பின்னால் போனேன்.

கடையில் சாமான்கள் எல்லாம் மூட்டையாகியிருந்தன. செப்புப் பானையைச் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டு வாசலருகே வைத்திருந்தார். மனைவி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"நான் கழுத்துக்கு வடிச்சேன் தங்கச்சி. எறா கூடைக்கு இல்ல."

"கழுத்துக்கு எத்தினி பேரு கேட்டாங்கண்ணே?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அவள் பறியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, ஈர ஓலைக்குள் மூக்கை வைத்தார். ஒரு மூச்சு. இன்னொன்று. மூன்றாவது மூச்சுக்குப் பிறகும் முகத்தை எடுக்கவில்லை. என்னிடம் இருந்த குப்பியின் வாசனைதான் அது, ஆனால் வேறாகியிருந்தது. ஓலையின் ஈரமும் ஏரியின் உப்பும் ஏறியதில் அந்தக் கருகல் மெத்தென்று ஆகியிருந்தது; கிராம்பின் காரம் இறங்கி, மண் மேலே வந்திருந்தது.

"எங்க பாட்டனாரு தண்ணில எறங்கித்தான் கப்பல் படகுக்குப் போவாரு," என்றார் மெதுவாக. "சட்டை எப்பவும் இடுப்புவரைக்கும் நனைஞ்சிருக்கும்." பாக்கி என்று அவர் தேடியது எது என்று எனக்கு அப்போது புரிந்தது.

பிறகு கேட்டார்: "எத்தினி பேரு கேட்டாங்க?"

"பதினோரு பேர்," என்றேன் நான் முந்திக்கொண்டு.

"உன் பொண்டாட்டிய சேத்தா?"

"சேத்தா பன்னெண்டு."

"உன்ன?"

"என்னத்தான் கணக்குல சேக்க முடியாதே."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பறியில் சங்கு ஏறினால் அதன் மூடியைத் தூக்கிப் போடாமல் எடுத்துவரச் சொல் என்றார் மனைவியிடம். மூடி கொண்டுவருபவர்களின் பறிக்கு ஒரு பூச்சு. கழுத்துக்கும் ஒன்று, வேண்டுமானால். பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கயித்த அவுத்துடு கணக்கரே," என்றார்.

சென்னப்பட்டணம்வரைக்கும் தாங்கட்டும் என்று அந்தச் செப்புப் பானைக்கு ஏழு முடிச்சுப் போட்டிருந்தார். ஆறை நான் அவிழ்த்தேன். மழை ஈரத்தில் இறுகிப்போன ஏழாவது என் நகத்துக்கு அசையவில்லை. பானை நசுங்கிவிடுமோ, கயிற்றை அறுத்தால் வீணாகிவிடுமோ என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். என் மனைவி பறியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, அந்த முடிச்சைப் பல்லால் கடித்து ஓர் இழுப்பில் அவிழ்த்தாள்.