பக்கவாசல் சம்பளம்

குழாய்த் தொழிற்சாலையில் அவளைக் குமிழியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் வேலை அப்படி. மெருகேறி வரும் ஒவ்வொரு குழாயையும் காற்றுக்குழலில் மாட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை; குழாய் திரும்பிப் போகும். வராவிட்டால் பெட்டிக்குப் போகும். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து அவள் விரல்நுனிகள் சுருங்கியே இருக்கும்.

"உன் கைக்கு மட்டும் கிழவி வயசாயிடுச்சு," என்று கேலி செய்வான் கணவன். அவன் சந்தையில் மூட்டை இறக்குகிறவன்.

"உன் முதுக நீ பாத்ததில்ல, அதான் பேசுற," என்பாள்.

கல்யாணமான புதிதில் இருவரும் கிராமத்திலிருந்து வந்தபோது தொழிற்சாலை அரசாங்கத்துடையது. பிறகு ஒரு முதலாளி வாங்கினார். பலகை மாறியது, சுவருக்கு வெள்ளையடித்தார்கள். வாசல்கள் மட்டும் அப்படியே இருந்தன. நகரத்துக் குடியிருப்புப் பதிவேட்டில் பேர் உள்ள உள்ளூர்க்காரர்கள் முன்வாசல்; நிரந்தர வேலை. கிராமத்தார் கான்ட்ராக்டர் ஆட்கள்; பக்கவாசல். அடுத்த தொட்டியருகே உட்காரும் நகரத்து அம்மாளுக்கு வேலை பழக்கியது குமிழியக்காதான். அந்த அம்மாளுக்குச் சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பு. "எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்று அந்த அம்மாள் சொல்வதுண்டு, சம்பள நாளன்று மட்டும்.

குமிழியக்கா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் மகள். தொழிற்சாலைக்குப் பின்னால் தகரக்கூரை வரிசையில் கம்பெனி கொடுத்த அறை ஒன்று அவர்களுக்கு இருந்தது. பதிவேட்டில் பேர் இல்லாததால் கம்பெனி சிபாரிசில்தான் நகரத்துப் பள்ளியில் மகளுக்கு இடமும் கிடைத்தது. வேலை போனால் அறை போகும். அறை போனால் பள்ளியும் போகும்.

ஒருநாள் துணிந்து மேனேஜரிடம் கேட்டுவிட்டாள். "சார், என்னையும் நிரந்தரம் பண்ணக் கூடாதா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் ஆச்சரியம். "ஆர்டர் குவியுது, ஆள் பத்தல. உங்க ஊர்லேருந்து ஆள் கூட்டிட்டு வாம்மா. நல்லா வேலை செய்யறவங்களா. உன் விஷயத்த நான் மேல பேசறேன்."

அவள் ஊருக்குப் போனாள். மழை பொய்த்த வருஷம், வயலில் வேலையில்லை. "நாலு காசு பாக்கலாம். நான் இருக்கேன்ல," என்று வீடு வீடாகச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒரு வேன் நிறைய ஆட்கள் கிளம்பினார்கள். அவள் தம்பியும் வந்தான். "இவன உன் கையில குடுத்திருக்கேன்," என்றாள் அம்மா.

தம்பி மெருகு அறைக்குப் போனான். சுழலும் சக்கரத்தில் குழாயை அழுத்திப் பிடிக்கும் வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது மெருகுத்தூள் அப்பிய முகத்தில் பல்லும் கண்ணும்தான் தெரியும். முதல் வாரம் சிரித்துக்கொண்டு வந்தான். போகப்போகச் சிரிப்பு குறைந்தது.

மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பக்கவாசலுக்கு வெளியே வேலை கேட்டு வரிசை நிற்க ஆரம்பித்ததும் கான்ட்ராக்டர் கூடுதல் நேரத்துக்கான கூலியைக் குறைத்தார். பிடிக்காதவர்கள் போகலாம் என்றார். கூலி குறைந்தது புதிதாக வந்தவர்களுக்கு மட்டுமல்ல, குமிழியக்காவுக்கும்தான்.

"நீ போய்க் கூட்டிட்டு வந்த கூட்டம்தான் உன் கூலியவே கொறச்சிருக்கு," என்றான் கணவன். கேலியாக ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மேனேஜரிடம் நிரந்தர வேலையை நினைவுபடுத்தினாள். "பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் அவர்.

அடுத்த வருஷம், தொழிற்சாலையை ஒட்டி ஓடிய கால்வாய்க்கு அந்தப் பக்கம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மின்விசிறித் தொழிற்சாலை திறந்தது. கான்ட்ராக்டர் கிடையாது, ஒரே வாசல், எந்த ஊர்க்காரருக்கும் ஒரே சம்பளம். செய்தி தகரக்கூரை வரிசைக்கு வந்த அன்று யாரும் சரியாகத் தூங்கவில்லை. தம்பியும் ஊர்க்காரர்களும் போவதென்று முடிவெடுத்தார்கள்.

அது மேனேஜர் காதுக்கு எட்டியது. அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். "நீ கூட்டிட்டு வந்த ஆளுங்க. அவங்க போனா, உனக்கு அந்த ரூம் எதுக்கும்மா?"

அவள் நேராகத் தம்பியின் அறைக்குப் போனாள். எட்டுப் பேர் படுக்கும் அறை; கட்டிலுக்கு மேல் கட்டில். மெருகுத்தூள் கலந்த இருமல் ஒரு மூலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

"கொஞ்ச நாள் பொறுங்கடா. எனக்காக."

"நீயும் வா அக்கா. அங்க உனக்கும் வேலை இருக்கு."

"அங்க ரூம் தர்றாங்களா? பள்ளிக்கூடத்துக்குச் சிபாரிசு பண்றாங்களா?"

தம்பி தலைகுனிந்தான். "அதெல்லாம் இல்லையாம்."

"அப்ப நான் எப்படிடா வர்றது?"

"நீ வர முடியாதுங்கறதுக்காக நாங்க எல்லாரும் இங்கேயே கெடக்கணுமா?"

சுருக்கென்றது. திட்ட வாயெடுத்தாள். அந்த மூலை இருமல் மறுபடியும் கேட்டது. இருமிய பையனின் அப்பாவிடமும் "நான் இருக்கேன்ல" என்று சொல்லித்தான் அவனைக் கூட்டி வந்திருந்தாள்.

"போங்கடா. போய்த் தொலைங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போனார்கள். அவள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று துணிமணிகளை மூட்டை கட்டிவைத்தாள். யாரும் வரவில்லை. மற்ற ஊர்க்காரர்களும் போய்விட்டதால் தொழிற்சாலையில் பாதித் தொட்டிகள் ஆளில்லாமல் கிடந்தன. இருக்கிறவளை விரட்ட மேனேஜருக்கு வழியில்லை. கால்வாய்க்கு அப்பால் கொடுப்பதைக் கொடுக்காமல் புது ஆள் வரவில்லை என்பதால் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சம்பளத்தை உயர்த்தினார்கள். அவளுக்குப் பழைய சம்பளமே.

இந்தத் தடவை மேனேஜரிடம் அவள் கெஞ்சவில்லை. "நேத்து வந்தவளுக்கு என்னைவிடக் கூட. இது என்ன நியாயம் சார்?"

"அவ போயிடுவாம்மா. அதான் குடுக்கறோம்." கோப்பிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார். "நீ எங்க போகப் போற?"

மகள் பள்ளி முடிக்க இன்னும் சில வருஷங்கள் இருந்தன. அதை அவரும் அறிவார்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோனான். முகத்தில் சதை வைத்திருந்தது. அக்கா மகளுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தான். சம்பளத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

புதிதாக வந்த பெண்ணொருத்தியை அவள் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கிராமத்துப் பெண்; கண்ணெல்லாம் பயம். குழாயை மாட்டவும் முக்கவும் குமிழியக்கா சொல்லிக்கொடுத்தாள். மதிய இடைவேளையில் அந்தப் பெண் மெல்லக் கேட்டாள்.

"இவ்ளோ வருஷமா இருக்கீங்களே, உங்களுக்கு எவ்ளோக்கா தர்றாங்க?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "உனக்குத் தர்றதப்போல ரெண்டு மடங்கு," என்றாள்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அப்படியா! அப்ப நான் வேற எங்கேயும் போகல. இங்கேயே இருந்துடறேன். எங்க ஊர்ல இன்னும் நாலஞ்சு பேரு இருக்காங்கக்கா, அவங்களையும் வரச் சொல்லட்டுமா?"

தான் சொன்னது பொய்யென்று குமிழியக்கா சொல்வதற்குள் சங்கு ஊதியது. அந்தப் பெண் எழுந்து, சுறுசுறுப்பாகத் தொட்டிப் பக்கம் நடந்தாள்.