பெட்டி மேல் விரித்த கொடி

என் அக்காவின் கணவர் எல்லைக் காவலில் இருந்தார். மலைப்பாதையில் வண்டி உருண்டு இறந்துவிட்டதாகப் போனில் சொன்னார்கள். பிறகு பெட்டி வந்தது. மூடி ஆணியடித்திருந்தது. மேலே தேசியக்கொடி.

திறக்க வேண்டாம் என்று கூட வந்த அதிகாரி அக்காவின் மாமனாரைத் தனியே அழைத்துச் சொன்னார். அவர் காரணம் கேட்கவில்லை. மாமியார் கேட்டார். முகத்தை மட்டும் காட்டினால் போதும் என்றார். கால் விரலைக் காட்டினாலும் போதும் என்றார். பெட்டியைத் திறக்கவில்லை. அக்கா கொடியின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். கூட்டம் நெருக்கியபோதும் கையை எடுக்கவில்லை.

இறந்தவர் மேல் உறவுக்காரர்கள் புதுத்துணி போர்த்துவது எங்களில் வழக்கம். கோடி என்போம். மாமனார் தறியில் பாதி நெய்திருந்த பட்டுத் துணியை அறுத்து எடுத்து வந்தார். கொடியின் மேல் எதுவும் போடக் கூடாது என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். மலர்வளையங்களைப் பெட்டியின் கால்மாட்டில் சாய்த்து வைத்தார்கள். கோடி கொண்டுவந்தவர்கள் அதைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். நெசவாளர்கள் வாழும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் அப்படியொரு சாவை நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டுக்குப் போக மாட்டார்கள். கொடியை மனைவியின் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அக்காவை ஜீப்பில் அழைத்துப் போனார்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். காக்கைகள் எழுந்து மறுபடி அதே மரத்தில் உட்கார்ந்தன. கொடியை மடித்துக் கொடுத்தபோது அவள் இரண்டு கைகளாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது. கொடியை எடுத்த பெட்டியின் மேல் அங்கேயே மாமனார் அந்தப் பட்டுத் துணியைப் போர்த்தினார். பெட்டியோடு எரிந்தது.

வீட்டு வாசலில் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார்கள். அக்கா தலை நனைந்து, கொடியை மட்டும் எட்டப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மாமனார் குறுக்கே நின்றார்.

"பொணத்து மேல இருந்த துணிம்மா அது. உள்ள வரக் கூடாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தறி இருக்கும் வீட்டில் தீட்டு படக் கூடாது, அவ்வளவுதான். பிணத்தின் மேல் கிடந்த துணி எரியும், அல்லது வெட்டியானுக்குப் போகும். வீடு திரும்பாது. பக்கத்து வீட்டுக்காரர் இது கவர்மென்ட் கொடி, தெருவில் விட்டால் கேஸ் ஆகும் என்றார். இன்னொருவர் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டால் தீட்டு போய்விடும் என்று யோசனை சொன்னார். அதற்கு மாமனார் சம்மதமாகத் தலையசைத்தார். அக்கா பின்வாங்கினாள்.

"நனைக்க மாட்டேன் மாமா. அவரு மேல இருந்தது இது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்குது."

என் அம்மாவும் அங்கேதான் இருந்தார். நம் வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. எங்கள் வீட்டிலும் தறி இருக்கிறது.

ஈரப் புடவையோடு அவள் வாசலில் நின்றாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. அழுது அழுது கட்டிப்போன குரல்.

"பொட்டியத்தான் தெறக்கவே இல்லியே. அப்புறம் எம்புள்ள மேல எங்க பட்டுது அது? பலகை மேலதான கெடந்தது. தீட்டு இல்ல. வரச் சொல்லுங்க."

மாமனார் யோசித்தார். சரிதான் என்று விலகினார். மற்றவர்களும் சரிதான் என்றார்கள். மருமகளுக்காகத்தான் மாமியார் அப்படிச் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அக்கா உடனே படியேறவில்லை. கையிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு அதை மாமனாரிடம் நீட்டிவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போனாள்.

கொடி இப்போது தறிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வருகிறார்கள். போன முறை நானும் இருந்தேன். வீரர் மேல் போர்த்திய கொடி இதுதான் என்று ஆசிரியை பிள்ளைகளுக்குச் சொன்னார். பிள்ளைகள் சல்யூட் வைத்தார்கள். அக்கா தண்ணீர்ச் சொம்போடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"அவரு மேல இல்லீங்க டீச்சர்," என்றாள். "பொட்டி மேல."