ஜன்னல் திறந்த அறை

என் அக்காவின் இருமலுக்கு அவளுடைய முதலாளியம்மா கொடுத்த மருந்து, ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருமலை வரவழைத்ததே அந்தத் தைலம்தானே!

அக்காவுக்கு மசாஜ் நிலையத்தில் வேலை. "என் கை பட்டுத் தூங்காத ஆளே கிடையாது" என்று பீற்றிக்கொள்வாள். பொய்யில்லை. என் கழுத்தைப் பிடித்துவிட்டபடியே திட்டுவாள்; பாதித் திட்டிலேயே நான் தூங்கிப்போவேன்.

அங்கே ஒவ்வொரு அறையிலும் மெழுகுவத்திக்கு மேல் ஒரு பீங்கான் கிண்ணம் இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி, சில சொட்டுத் தைலம் விட்டு, மெல்லச் சூடாக்க வேண்டும். சேர்ந்த புதிதில் அக்காவுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். முதலாளியம்மாவுக்கோ தெருவில் போகிறவர்களை வாசனையே உள்ளே இழுத்து வர வேண்டும்.

"தண்ணி எதுக்கு? தைலத்தையே ஊத்து. ஜன்னலைத் திறந்துடாதே, வாசனை வீணாப் போயிடும்."

சொல்லிவிட்டு அந்த அம்மா வாசல் பக்கம் காற்றோட்டமாக உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்கள் சற்று நேரம் படுத்து, உடம்பு லேசாகிவிட்டது என்று எழுந்து போவார்கள். அக்கா மட்டும் காலையிலிருந்து, தண்ணீரில்லாத தைலம் காந்திக் கிளப்பும் புகைக்குள்ளேயே கிடப்பாள். மாடிப்படி ஏறினாலே மூச்சு இழுக்க ஆரம்பித்தது. புகையை விடாவிட்டால் மாத்திரை கேட்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதைப் போய்ச் சொன்னதற்குக் கிடைத்ததுதான் அந்த பாட்டில். கூடவே ஒரு உபதேசம்: "எல்லாரும் ஆரோக்கியத்துக்காக இங்க வர்றாங்க, உனக்கு மட்டும் ஒத்துக்கலையா? கஸ்டமர் முன்னாடி இருமித் தொலைக்காதே."

அன்றிலிருந்து அக்கா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமினாள். நான் சண்டைக்குக் கிளம்புவேன். "நீ எதுக்குடி குதிக்கிற? வேலை போயிட்டா?" என்று என் வாயை அடைத்துவிடுவாள்.

ஒருநாள் வழக்கமாக வரும் டீச்சரம்மா ஒருவர் படுத்திருந்தபோது, துண்டுக்கும் அடங்காமல் இருமல் வந்துவிட்டது. அக்கா மெழுகுவத்தியை ஊதி அணைத்து, ஜன்னலைத் திறந்தாள்.

"அப்பாடா, இன்னிக்குத்தான் நல்லா மூச்சு விடறேன். இது என்ன தைலம்மா?" என்றார் அவர்.

"தைலம் இல்லீங்க, காத்து."

டீச்சரம்மா போகும்போது முதலாளியம்மாவிடம் புகழ்ந்து தள்ளினார். அடுத்த வாரமே அந்த அறை 'ஸ்பெஷல் ரூம்' ஆயிற்று. திறந்த ஜன்னல், தண்ணீர் நிறைந்த கிண்ணம், கூடுதல் கட்டணம். அங்கே வேலை செய்யப் புதிதாக ஒரு பெண். அக்காவுக்குப் பழையபடி மூடிய அறைதான். ஸ்பெஷல் ரூமில் இருமுகிற ஆளை விட முடியாதாம்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து அக்கா இதைச் சொன்னபோது நான் கத்தித் தீர்த்தேன். இந்தத் தடவை அவள் என்னை அடக்கவில்லை.

"அந்த ஜன்னலைத் திறந்தவ நான்டி" என்றாள்.

மறுநாள் நானும் கூடவே போனேன். அக்கா கைப்பையிலிருந்து அந்தத் தைல பாட்டிலையும் துண்டையும் எடுத்து முதலாளியம்மாவின் மேஜையில் வைத்தாள்.

"நான் வேலையிலேர்ந்து நின்னுக்கிறேன்மா. இனிமே மூடின ரூமுக்கு நீங்களே போங்க. இருமல் வந்தா தைலம் இருக்கு. சத்தம் கேக்காம இருக்க துண்டும் இருக்கு."