ரயில்வே கேட்டைத் தாண்டி ஏழு நிமிஷம்

கிளாட்சன் ஊரை விட்டு ஓடிவிட்டான் என்று நீடாமங்கலம் கடைத்தெருவில் பேசுகிறவர்கள் முதலில் வாயைக் கழுவிக்கொண்டு வரட்டும். அவன் ஓடவில்லை. கடைச் சாவியை உரிமையாளர் கையில் கொடுத்துவிட்டு, என்னிடமும் சொல்லிக்கொண்டு, பட்டப்பகலில் பஸ் ஏறிப் போனான். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில் போடுகிறான். செத்துப்போனவனுடைய பொருளில் இருந்ததை எடுத்து விற்றான் என்று வேறு ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். கட்டியவன் நாக்கு அழுகட்டும். நடந்தது எனக்குத் தெரியும். நடந்ததில் பாதி நான் செய்தது.

என் பெயர் ரோஸ்லின். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரே கடையை பிளைவுட் தட்டி வைத்து இரண்டாகத் தடுத்திருந்தோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கிளாட்சனின் கம்ப்யூட்டர் ரிப்பேர். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும், நான் கத்தினால் தெருவுக்கே கேட்கும். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள்.

அவனுக்குச் சொந்த ஊர் பூதலூர்ப் பக்கம். அப்பா சவரிராஜ் குத்தகைக்கு நெல் போட்டுக்கொண்டிருந்தவர். ஆற்றில் தண்ணீர் வராத அந்த இரண்டு மூன்று வருஷத்தில் குத்தகையும் போயிற்று, அவரும் படுத்துவிட்டார். பையன் பாலிடெக்னிக் முடித்து, ஊரில் எல்லோரும் செய்வதைப்போல வளைகுடாவுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்தான். மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதோ பழைய தழும்பு தெரிகிறது என்று 'அன்ஃபிட்' முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். சின்ன வயதில் வந்து போன காசநோய். ஆள் நல்லாத்தான் இருந்தான். ஆனால் அந்தத் தாள்தானே பேசுகிறது! அதன்பிறகுதான் என் பக்கத்தில் வந்து கடை போட்டான்.

துபாய், ஷார்ஜா, சிங்கப்பூர் என்று போனவர்கள் அங்கே ஆபீஸ்களில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். புது விண்டோஸ் போட்டால் அவை மூச்சு வாங்கும். கிளாட்சன் அவற்றுக்கு லினக்ஸ் போடுவான். காசு கொடுத்து வாங்க வேண்டாம், இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதிலும் அவன் போடுவது கொஞ்சமே கொஞ்சம் இடம் பிடிக்கிற ஒன்று. அடியில் வெறும் கறுப்புத்திரை. அதன்மேல் அந்த வீட்டுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பான்.

"நோஞ்சான் வயித்துக்கு எதுக்குக்கா பிரியாணி? கஞ்சி போதும்" என்பான்.

"ஒனக்கு ஏத்த தொழில்தான்டா" என்பேன்.

"ஆமாக்கா. அன்ஃபிட் ஆனதெல்லாம் எங்கிட்டத்தான் வரும்" என்று சிரிப்பான்.

இரண்டாயிரத்துப் பத்து மார்ச் மாதம். கேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் மீரா உசேன் ஒரு குட்டி மெஷினைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அவருடைய தங்கை அனீஸாவின் கணவர் நௌஷாத் ஜனவரியில் ஷார்ஜாவில் இறந்துபோனார். கம்பெனி படுத்து, நான்கு மாதச் சம்பளம் வராமல், தொழிலாளர் கேம்ப்பில் கிடந்தபோது நெஞ்சு வலி. அடக்கமும் அங்கேயே ஆகிவிட்டது. ஒன்றரை மாதம் கழித்து ஒரு பைதான் வீடு வந்து சேர்ந்தது. பையில் இரண்டு சட்டை, ஒரு கைலி, இந்த மெஷின்.

பெரிய டைரி அளவுதான் இருக்கும். ஏழு அங்குலத் திரை. சாவிகளில் என் விரல் வைத்தால் இரண்டு எழுத்து சேர்ந்து விழும். ஹார்ட் டிஸ்க் கிடையாது. நான்கு ஜிபி நினைவகத்தைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது.

"மச்சானோட பொருளு. ஆன் ஆவ மாட்டேங்குது தம்பி. புள்ள ரிஃப்கா வெளையாடட்டும்னு தங்கச்சி சொல்லுது. சரி பண்ணிக் குடுங்க" என்றார் மீரா உசேன். அவர் அந்த வாரமே மலேசியா திரும்ப வேண்டியவர். அவருக்கு அதற்குமேல் எதுவும் தெரியாது.

அதற்குள் நௌஷாத்தின் குரல் இருந்தது. எங்களுக்கும் தெரியாது.

போன் செய்யக் காசில்லாத அந்த நான்கு மாதமும், தான் இன்னும் பார்க்காத மகளுக்கும் பெண்டாட்டிக்கும் சொல்ல வேண்டியதையெல்லாம் அந்த மனிதர் தினமும் அந்த மெஷினில் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார். ரிஃப்கா பிறந்ததே அவர் ஷார்ஜா போனபிறகுதான். அனீஸாவுக்கு மட்டும், எப்படியோ ஒரு தடவை பேசிய கடைசிப் போனில் சொல்லியிருக்கிறார். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. கட்டியவனின் பேச்சை ஊருக்கா சொல்வாள்?

கிளாட்சன் மெஷினைத் தட்டியதும் ஒரு படம் வந்து அப்படியே நின்றது. ஏதோ இரண்டு சாவியை அழுத்திக் கறுப்புத்திரைக்குப் போய்ப் பார்த்தான். தட்டியில் இருந்த ஓட்டை வழியாக என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, மெஷின்ல கோளாறே இல்ல. உள்ள எடம் நெறஞ்சு போச்சு, அதான் எந்திரிக்க மாட்டேங்குது. பூரா ஏதோ ரெக்கார்டிங். தேதி போட்டுப் போட்டு வெச்சிருக்காரு."

"என்ன ரெக்கார்டிங்?"

"தொறக்கலக்கா. புருஷன் பொண்டாட்டி விஷயமா இருந்துச்சுன்னா? இது இருக்கட்டுமா, அழிக்கட்டுமான்னு அவங்களத்தான் கேக்கணும். நீங்க ஒரு எட்டு போயிட்டு வாங்களேன்."

அவன் போக முடியாது. அனீஸா இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டார்கள், அந்நிய ஆண்கள் முகம் பார்க்க மாட்டார்கள். இந்த ஊரில் எங்களுக்கெல்லாம் அது தெரியும். போன் செய்து கேட்பதுகூட மரியாதை இல்லை என்று அவன் நினைத்தான். அண்ணனை விட்டுக் கேட்கச் சொல்கிற விஷயமும் இல்லை. நான் பெண், நான் போகலாம். கேட்டைத் தாண்டினால் ஏழு நிமிஷ நடை.

அன்றைக்குப் பத்து மணியிலிருந்து பன்னிரண்டுவரை கரண்ட் இல்லை. வந்ததும் வராததுமாக வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று நாற்பது பேர் கவுண்டரில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். மறுபடியும் கரண்ட் போவதற்குள் முடிக்க வேண்டும். போதாததற்குக் கேட் வேறு போட்டிருந்தது. நெல் ஏற்றிய கூட்ஸ் வண்டி, முன்னால் போய்ப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"கேட் போட்டிருக்குடா, தெரியல?" என்று கத்தினேன். நடந்து போகிறவளுக்குக் கேட் ஒரு சாக்கா? குனிந்து போனால் ஆயிற்று. தினமும் அப்படித்தான் போகிறேன்.

"அப்ப காப்பி எடுத்து என் சிஸ்டத்துல போட்டு வெக்கிறேன். நாளைக்குக் கேட்டுக்கலாம்."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். அதற்கு முந்தின வருஷம் ஒரு செல்போன் கடையில், ரிப்பேருக்கு வந்த போனிலிருந்து ஒரு பெண்ணின் படங்களை எடுத்து ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். நிச்சயம் செய்த கல்யாணம் நின்றது. கடையை அடித்து நொறுக்கினார்கள். அதன்பிறகு கடைத்தெருவில் எல்லோரும் கூடி, வாடிக்கையாளர் பொருளிலிருந்து எதையும் காப்பி எடுக்கக் கூடாது, சுவடே இல்லாமல் அழித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கிளாட்சன் கடையில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. அச்சடித்துக் கொடுத்தவள் நான்.

"ஏன்டா, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? கல்யாணம் ஆவாத பய நீ. புருஷன் செத்த பொண்ணோட சமாச்சாரத்த ஒன் சிஸ்டத்துல வெச்சிருந்தன்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா அந்தப் பொண்ணு கதி என்ன? பாட்டு கீட்டுப் புடிச்சு வெச்சிருப்பான். அழிச்சுட்டு வேலையப் பாரு. என் உயிர வாங்காத."

சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளை அவன் திரும்பிப் பார்த்தான். பிறகு, "சரிக்கா" என்றான்.

அவன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான். சும்மா அழித்தால் திரும்ப எடுத்துவிடலாமாம். அதனால் முதலிலிருந்து கடைசிவரை வெறும் பூஜ்யமாக எழுதினான். நான்கு ஜிபிக்கும். அது ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு டீ வாங்கி வந்து தட்டிமேல் வைத்தான்.

அதன்பிறகு நாலு நாள் அதன்மேலேயே குனிந்து கிடந்தான். சிடி போட வழியில்லாததால் பென் டிரைவிலிருந்து ஏற்றினான். திரை சின்னது, 'ஓகே' பட்டன் திரைக்குக் கீழே போய் மறைந்துகொள்ளும். ஒவ்வொரு ஜன்னலையும் பிடித்துச் சுருக்கினான். பெரிதாக அ, ஆ போட்டான். படம் வரைய ஒன்று வைத்தான். ஒரு கிளிப் படம் வைத்து, அதை அமுக்கிவிட்டுப் பேசினால் பேசினது திரும்பக் கேட்கும்படி அவனே எழுதினான். "அத்தா இல்லாத புள்ளக்கா" என்றான். காசு வாங்கவில்லை. மீரா உசேன் வந்து வாங்கிப்போனார், மறுநாள் விமானம் ஏறினார்.

மே மாதக் கடைசி. வெயில் பிளந்துகொண்டிருந்தது. அனீஸா கடைக்கு வந்தாள். இத்தா முடிந்து அவள் வெளியே வந்த இரண்டாம் நாள். இடுப்பில் ரிஃப்கா, கையில் அந்தத் துண்டில் சுற்றிய மெஷின். இளைத்துப் போயிருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு பரபரப்பு. பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் இருக்குமே, அது.

"அண்ணே, நல்லா பண்ணிக் குடுத்திருக்கீங்க. புள்ள கீழயே வெக்கிறதில்ல. ஆனா அவங்க பேசுனது எங்க இருக்குன்னு எனக்குக் கண்டுபுடிக்கத் தெரியல. இத்தாவுல யாரக் கேக்குறது? எம்பது நாளா புள்ளகிட்ட, அத்தா உள்ளதான் இருக்காங்க, கொஞ்ச நாள்ல பேசுவாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். எதை அமுக்கணும்ணே?"

தட்டிக்கு இந்தப் பக்கம், ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸை நிறுத்தினேன். ஓட்டை வழியாகக் கிளாட்சன் என்னைப் பார்த்தான். ஒரு தடவைதான் பார்த்தான். நான் சொல்லியிருக்க வேண்டும். 'நான்தான்டி பாவி, நான்தான் அழிக்கச் சொன்னேன்' என்று. ஊரைக் கூட்டுகிற இந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

"நான் அழிச்சுட்டேன்மா" என்றான் கிளாட்சன். "என்னன்னு தெரியாம நான் அழிச்சுட்டேன்."

அவள் முதலில் புரியாததைப்போலச் சிரித்தாள். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு, அவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே. கதவுக்கு வெளிய நின்னு கேட்டிருந்தாக்கூட உள்ளேருந்து சொல்லியிருப்பேனே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஒன்பது நாள் அவன் வேறு எந்த வேலையும் தொடவில்லை. அழித்ததை மீட்க முடியுமா என்று, அவள் விட்டுப்போன மெஷினைத் தஞ்சாவூருக்கு எடுத்துக்கொண்டு ஓடினான், திருச்சிக்கு ஓடினான். உழுது, பரம்படித்துச் சமப்படுத்திய வயலில் போன போகத்து நெல்தாளைத் தேடுகிற வேலை அது. அவனே அடித்த பரம்பு. பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டான்.

"நௌஷாத் பாய் பேசுனது ஒண்ணுகூட இல்லக்கா. ஆனா வேற ஒண்ணு இருக்கு. அந்தக் கிளி, பேசுனத அழிக்காம உள்ளயே சேத்து வெச்சிருக்கு. நான் அதை எழுதினப்ப கவனிக்கல."

ஒன்றைப் போட்டான். ரிஃப்காவின் குரல். மூன்று வயசு ஆகவில்லை, மழலை.

"அத்தா, நான் சோறு தின்னுட்டேன். பேசுங்க." கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம். "அத்தா?" மறுபடியும் ஃபேன் சத்தம். கிளாட்சன் நிறுத்திவிட்டான். இருநூற்றுச் சொச்சம் இருந்தன.

"இதை வெக்கிறதா, அழிக்கிறதான்னு அவங்கள கேக்கணும்" என்றான். அவன் என்னைப் போகச் சொல்லவில்லை. நான் கல்லாவைப் பூட்டினேன். கவுண்டரில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், நிற்கட்டும். கேட் போட்டிருந்தது. குனிந்து அந்தப் பக்கம் போனேன்.

அனீஸா வாசல் கதவைப் பாதி திறந்தாள். மெஷினை நீட்டி, உள்ளே இருப்பது என்ன என்று சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். அவன் உன்னைக் கேட்கச் சொன்னான், நான்தான் வரவில்லை, நான்தான் அழிக்கச் சொன்னேன், அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அதனால் என்ன பிரயோஜனம்?

அவள் சொன்னது இதுதான்.

"அந்த நாலு மாசமும் யாராவது பொம்பளைங்க வந்து பேசிட்டுப் போவாங்களான்னு பாத்துக்கிட்டே கெடந்தேங்க்கா. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காருவேன். நீங்க வந்திருந்தா, ரெக்கார்டிங்கப் பத்திக் கேக்காமலே போயிருந்தாக்கூட, நானே சொல்லியிருப்பேன்."

மெஷினை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இதை அழிக்க வேணாம்னு அந்த அண்ணன்ட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து பிள்ளை, "அத்தா வந்துட்டாங்களா?" என்று கேட்டது. அனீஸா என்ன பதில் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. திரும்பி நடந்தேன்.

அடுத்த மாதம் கிளாட்சன் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். இதுதான் நடந்தது. இனிமேல் யாராவது அவனைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் என் கடைக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, என்னைப் பற்றிப் பேசட்டும்.